அலை சுட்டது என்கிறாள் உன் மகள்

மார்கழிக் குளிருக்கு முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டுதான் எங்கேயாவது உட்கார்ந்திருப்பாய் என்று நம்புகிற உன் மல்லி எழுதுகிறேன், அக்கா.

நீ போய் எட்டு வருஷம். வழக்கமாக உன் நாளன்று கடலூர் போவேன், தேவனாம்பட்டினம் கரையில் பாலை ஊற்றுவேன், அழுவேன், பஸ் ஏறிச் சிதம்பரம் திரும்பிவிடுவேன். கடிதமெல்லாம் எழுதியதில்லை. இந்த வருஷம் எழுதாமல் இருக்க முடியவில்லை. பயத்தில் எழுதுகிறேன். சின்ன வயதில் பயந்தால் உன் பாயில் வந்து படுத்துக்கொள்வேனே, அது மாதிரி என்று வைத்துக்கொள்.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருஷக் கடைசியில் தானே புயல் வந்து கடலூரைப் புரட்டிப் போட்டுவிட்டது. குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மாமாவின் ஐஸ் கடைக் கூரை எங்கே போய் விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. "புதுசா ஒண்ணு போட்டுக்கலாம், உடு மல்லி" என்றார். உனக்கு அப்புறம் அவர் எதற்கும் அசைவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரம் வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

உன் மகள் அபி என்னிடம்தான் வளர்கிறாள். உன் மூக்கு, உன் பிடிவாதம். அவளுக்குத் தலை வாரிவிட நான் படும் பாட்டைப் பார்த்தால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

அந்தப் பிடிவாதக்காரி சொன்ன ஒரு வார்த்தைதான் என்னைப் பயமுறுத்திவிட்டது.

சித்திரை பிறக்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் நிலம் ஆடியது. ஷெல்ஃபில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் டிவியில் சுனாமி எச்சரிக்கை என்று ஓட ஆரம்பித்தது. கடலூரில் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் காட்டினார்கள். அபி டிவி முன்னால் நின்றபடியே நடுங்கினாள். நான் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, கடல் இங்கே வராது, அது எங்கேயோ கிடக்கிறது என்று என்னென்னவோ சொன்னேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு சித்தி. அலை வந்துச்சி. தண்ணி சுட்டுச்சி. கையெல்லாம் எரிஞ்சிது. அம்மா என் கைய உட்டுட்டாங்க."

அன்று அலை எதுவும் வரவில்லை. எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். ஆனால் அக்கா, அவள் சொன்னது மட்டும் போகவே இல்லை.

உன்னைச் சுனாமி கொண்டுபோன அன்றைக்கு அவள் அந்தக் கரையில் இருந்ததே இல்லையே. எனக்குக் கல்யாணமாகி முதல் திருவாதிரை அது. தேர் பார்க்கச் சனிக்கிழமை அபியைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் வந்தாய். மறுநாள் தரிசனமும் பார்க்கட்டும் என்று அவளை என்னிடம் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் மாமாவுக்கு மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது என்று அன்று சாயந்திர பஸ்ஸிலேயே நீ மட்டும் கிளம்பிப் போனாய். ஞாயிறு காலையில் ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கக் கரைக்குப் போனாய். அவ்வளவுதான். உன்னைக் கண்டெடுத்தபோது அந்தக் கூடையின் காது உன் விரல்களில் சுற்றிக்கிடந்தது. அதை வைத்துத்தான் மாமா உன்னை அடையாளம் சொன்னார்.

இதையெல்லாம் அபியிடம் பொறுமையாகச் சொன்னேன். நீ அன்றைக்கு இங்கே, இதே வீட்டில் இருந்தாய் கண்ணு என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. அம்மா ஊருக்குப் போயிருக்காங்கன்னு கூடத்தான் சொன்னீங்க."

அவள் சொன்னதும் நிஜம்தான். நாலு வயதுப் பிள்ளையிடம் வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ரொம்ப நாள் வரைக்கும் அப்படித்தான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தச் சமாதானத்துக்கான கூலியை எட்டு வருஷம் கழித்து வாங்கிக்கொள்கிறோம். அம்மா கையை விட்டுவிட்டாள், அது தெரிந்தும் இவர்கள் மறைக்கிறார்கள் என்று உன் மகள் நினைக்கிறாள். ஒரு பெண் பிள்ளை இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படி வளரும்?

உனக்குத் தெரியாத இன்னொரு செய்தி இருக்கிறது. நான் தபால் வழியில் உளவியல் படிக்கிறேன். புத்தகத்தைத் திறந்தாலே தூங்கிவிழுகிற உன் தங்கச்சிதான். நீ போன பிறகு என் தலைக்குள் என்ன நடக்கிறது என்றே எனக்குப் புரியாமல் போனது, அதனால் சேர்ந்தேன். ஞாபகம் பற்றிய பாடத்தை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பார்த்ததெல்லாம் பீரோவில் மடித்து வைத்த புடவை மாதிரி அப்படியே இருக்கும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றுதானே நாம் நினைக்கிறோம்? அப்படிக் கிடையாதாம். ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் மனசு அதைப் புதிதாகச் சமைக்கிறதாம். கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துக்கொள்ளுமாம். யாரோ சொல்லிக் கேட்டது, எங்கேயோ பார்த்த படம், நாமே கற்பனை செய்தது எல்லாம் உள்ளே போய்விடும். எது எங்கிருந்து வந்தது என்று அப்புறம் நமக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. சமைத்தவளே சாப்பிட்டுப் பார்த்து, ஆமாம் இதுதான் அன்றைக்கு வைத்த குழம்பு என்று சத்தியம் செய்வாள்.

அபிக்கு அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. உன் பக்கத்து வீட்டு அஞ்சலை ஞாபகமிருக்கிறதா? அவள் மகனும் அன்றைக்குப் போய்விட்டான். வருஷா வருஷம் கரையில் பால் ஊற்றும்போது அவள் மணலில் உட்கார்ந்து, "புடிச்ச கைய உட்டுட்டேனே" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுவாள். அபி விவரம் தெரிந்த நாளிலிருந்து பக்கத்தில் நின்று அதைக் கேட்டிருக்கிறாள். போதாததற்கு, நீ போன புதிதில் ஏதோ உதவிக் குழுவிலிருந்து வந்தவர்கள் கரையோரப் பிள்ளைகளையெல்லாம் உட்காரவைத்து, அன்றைக்குப் பார்த்ததை வரையச் சொல்லிக் கலர் பென்சில் கொடுத்தார்கள். மாமாவோடு போயிருந்த அபியையும் உட்காரவைத்துவிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் அலை வரைந்தன. இவளும் வரைந்தாள். நல்லா வரைஞ்சிருக்கேம்மா என்று தட்டிக்கொடுத்தார்கள். பார்க்காத அலைக்குப் பாராட்டு வாங்கிய பிள்ளை உன் மகள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கொஞ்ச நாள் எனக்குப் பெருமையாகவே இருந்தது. முடிச்சை அவிழ்த்துவிட்டேன், பக்குவமாகப் பேசி அபியிடம் விளங்கவைத்துவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் புத்தி என் பக்கம் திரும்பியது. அவளுடையது சமைத்தது என்றால் என்னுடையது?

உன் சேதி வந்த நேரம் எனக்கு அச்சடித்தது மாதிரி நினைவிருக்கிறது. நான் கல்யாணப் பட்டுப்புடவையில் இருக்கிறேன். கோயிலுக்குள் ஒரே கூட்டம். நடராஜர் வெளியே வருகிறார். அபி என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். யாரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் தோளைத் தொடுகிறார்கள். எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பேன். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று உறைத்தது. அலை வந்தது காலையில். சாமி தரிசனத்துக்கு வெளியே வருவது மத்தியானத்துக்கு மேல். உன் சேதி கேட்ட பிறகு நான் எந்தக் கோயிலில் நின்றிருப்பேன்?

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "பட்டுப்புடவயா? நீ நைட்டியிலதான் இருந்த. லேண்ட்லைன் அடிச்சிது. அம்மா அடுப்புல களி கிண்டிக்கினு இருந்தாங்க. எல்லாரும் போனுகிட்ட ஓடுனோம்."

அப்போது அபி எங்கே இருந்தாள் என்று கேட்டேன். அவர் யோசித்தார். அவர் யோசித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை, அக்கா.

"இங்கதான் இருந்திருக்கும். இல்ல, சகலை அப்புறம் கூட்டிக்கினு வந்து உட்டாரா? சரியா தெரியல மல்லி."

என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே அபி, அந்தக் கோயிலே பொய் என்றால் அவள் அங்கே நின்றது? சனிக்கிழமை நீ அவளை விட்டுவிட்டுப் போனது எனக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் பட்டுப்புடவையும் உறுதியாகத்தானே தெரிந்தது. எவ்வளவு உறுதியாக இருக்கிறோம் என்பதை வைத்து எது நிஜம் என்று சொல்லமுடியாது என்று பாடத்தில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். பரீட்சைக்குப் போட்ட கோடு என் கழுத்தை வந்து சுற்றிக்கொண்டது.

மாமாவிடம் கேட்டேன். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "அன்னிக்கு நடந்தது எனக்கு ஒண்ணும் நெனப்புல இல்ல. அந்த ஒயர் கூட ஒண்ணுதான் கண்ணுல நிக்குது. என்னிய கேக்காத மல்லி" என்றார். அஞ்சலையிடம் கேட்டேன். புள்ளைய உங்கக்காகூடப் பாத்த மாரியும் இருக்கு, பாக்காத மாரியும் இருக்கு என்றாள். ஊர் முழுக்க ஆள் இருந்தும், என் அக்கா கடைசியாக நடந்து போனபோது தனியாகப் போனாளா, பிள்ளையோடு போனாளா என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

அப்போது வந்த நினைப்பைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கூடையை விடாத கை பிள்ளையை விட்டதா? இப்படி ஒன்று என் மனசில் வந்துவிட்டது. வந்த பிறகு போகவே மாட்டேன் என்றது. சோறு போடும்போது, பஸ்ஸில் போகும்போது, அபிக்கு ரிப்பன் கட்டும்போதெல்லாம் வந்தது. உன் படத்துக்கு விளக்கேற்றவே பயந்தேன். படத்தைப் பார்த்தால் கண் நேராக உன் கைக்குப் போனது. படத்தில் உன் கையே தெரியாது, கழுத்து வரைக்கும்தான் இருக்கிறது. அப்படியும் தேடியது.

இதை இன்னும் நினைக்க நினைக்க எனக்கும் அந்த அலை தெரிய ஆரம்பித்துவிடும், நீ கையை விடுவதை நானும் பார்த்துவிடுவேன் என்று நடுங்கினேன். அபிக்கு வந்தது எனக்கு வராதா? மனசு யாருடையதாக இருந்தாலும் அது செய்கிற வேலை ஒன்றுதானே.

என்னைக் காப்பாற்றியது அபி சொன்ன ஒரே ஒரு வார்த்தை. தண்ணி சுட்டுச்சி என்றாளே, அது எங்கிருந்து வந்தது? அஞ்சலையைத் திரும்பக் கேட்டேன். "சுடறதா? மார்கழித் தண்ணி, ஐஸ் மாரி இருந்துச்சி. கருப்பா, சேறா" என்றாள். அவள் அழுகையில் சூடு கிடையாது. பிள்ளைகள் வரைந்த படத்தில் சூடு எப்படி வரும்? அப்படியென்றால் இது கடன் வாங்கியதில் சேராதது. அபியின் சொந்தச் சரக்கு.

அவளுடைய வலது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, கொஞ்சம் தோல் வழவழவென்று இருக்கும். எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் என் விரலில் படும். நீ இருந்தபோது அது இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. என் மாமியாரிடம், அத்தை, இது எப்போது சுட்டது என்று சாதாரணமாகக் கேட்டுவைத்தேன். "அது ஏதோ ஒரு பொங்கலுக்குப் பானையத் தொட்டுச்சி" என்றார்கள். எனக்கு வீட்டுக்காரர் சொன்ன களி ஞாபகம் வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. களியா அத்தை என்று நான் எடுத்துக்கொடுத்தால் போதும், ஆமாம் களிதான் என்று அவர்களுக்கும் ஞாபகம் வந்துவிடும். அப்புறம் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

எங்கள் வீட்டில் நீ போன பிறகு திருவாதிரைக்குக் களி செய்வதில்லை. சொந்தப் பங்காளிச் சாவு வந்தால்தான் பண்டிகையை விடவேண்டும், சம்பந்தி வீட்டுச் சாவுக்கு விடவேண்டியதில்லை. ஆனாலும் அத்தை விட்டுவிட்டார்கள். அந்தப் பொண்ணு செத்த நாளில் எந்தக் கையால் இனிப்பு கிண்டுவது என்று வெண்கலப் பானையைக் கவிழ்த்துப் பரணில் போட்டதுதான். உன் வீட்டிலும் களி கிடையாது, நம் அம்மா வீட்டிலும் கிடையாது. அபி பிறந்ததிலிருந்து அவள் இருந்த வீட்டில் களி கிண்டியிருந்தால், அது அந்த ஒரே ஒரு காலையில்தான் இருக்கமுடியும். அந்தக் களி அவளைச் சுட்டிருந்தால், அன்றைக்கு அவள் கரையில் இல்லை, இங்கேதான் இருந்தாள்.

இந்த வருஷம் திருவாதிரை உன் நாள் கழிந்த கையோடு வந்தது. திரும்ப எடுத்துக்கலாமா அத்தை என்று கேட்டேன். திருவாதிரைக்கு ஒரு வாய் களி என்று சும்மாவா சொன்னார்கள், எத்தனை வருஷம்தான் சாமியைப் பட்டினி போடுவது என்று அவர்களும் இறங்கி வந்தார்கள். எதற்குக் கேட்கிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. குழம்பில் உப்பு போட்டேனா என்று இரண்டு தடவை யோசிக்கிற அளவுக்குப் பயம். அபி பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனால்? சுடு தண்ணீரும் சேர்ந்து அவள் மனசு சமைத்ததுதான் என்றால்? அப்புறம் எனக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

அத்தை பானையைத் தேய்த்து அடுப்பில் ஏற்றினார்கள். வெல்லம் கரைந்து கொதித்தது. வறுத்த ரவையைக் கொட்டிக் கிண்ட ஆரம்பித்ததும் களி தடித்துக்கொண்டு பொத்துப் பொத்தென்று வெடித்தது. அபி சமையல்கட்டுக்கு வந்தாள். வாசனையாக இருக்கிறதே என்று பானைப் பக்கம் வந்தவள் சட்டென்று நின்றாள். வலது கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகில் வைத்து மூடிக்கொண்டாள். அவளுக்கே அது தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினது அத்தைதான். கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு அவள் நிற்பதைப் பார்த்தார்கள்.

"அட, இதுலதான சுட்டுக்கின. பொங்கல்ல இல்ல. வெல்லம் ஒட்டிக்கினு வரவே இல்ல, தேனத் தடவுனேன். இவுங்கல்லாம் கடலூருக்கு ஓடிட்டாங்க. ஊட்டுல நீயும் நானுந்தான். எரியுது எரியுதுன்னு அன்னிக்குப் பூரா அழுத."

இதை நான் எடுத்துக்கொடுக்கவில்லை, அக்கா. சத்தியமாக எடுத்துக்கொடுக்கவில்லை. பொங்கலன்று அத்தையையும் பிள்ளையையும் தனியாக விட்டு நாங்கள் எங்கே போகப்போகிறோம்? எல்லோரும் கடலூருக்கு ஓடியது ஒரே ஒரு நாள்தான். அம்மிக்கல்லைப் பிடித்துக்கொண்டேன்.

அபி கையை முன்னால் கொண்டுவந்து விரித்துப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு அம்மா கையில என்ன இருந்துச்சி?"

"ஒயர் கூடை. மீன் வாங்கப் போனாங்க. கண்டெடுத்தப்பவும் அது விரல்லயே மாட்டிக்கினு இருந்துச்சி."

அவள் யோசித்தாள். நீ பாக்கிச் சில்லறை எண்ணும்போது உதட்டைக் கடிப்பாயே, அப்படிக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"கூடையவே உடல," என்றாள். "நான் இருந்திருந்தா என்னிய உட்டிருக்கவே மாட்டாங்க."

எந்தக் கூடையை நினைத்து நான் இத்தனை மாதம் செத்தேனோ, அதே கூடையை உன் மகள் இப்படிப் பார்த்துவிட்டாள். ஆமாம் கண்ணு என்று மட்டும் சொன்னேன். அத்தை, களி அடிபிடிக்கிறது என்று எங்கள் இரண்டு பேரையும் திட்டினார்கள்.

என் பயம் தீர்ந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். பாதிதான் தீர்ந்தது. உன் குரல் எனக்கு மறந்துவிட்டது, அக்கா. நீ பேசுகிற மாதிரி நினைத்துப் பார்த்தால் என் குரலில் பேசுகிறாய். நான் நினைத்துக்கொண்டே இருந்தால் நீ கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாகிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. நினைக்காமல் விட்டால் ஒன்றுமே மிஞ்சாதே என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. சாயந்திர பஸ்ஸில் நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கையாட்டினாய். ஆட்டினாய்தானே? யாரைப் போய்க் கேட்பேன்?

ஒன்று மட்டும் சத்தியம் செய்து தருகிறேன். அபி உன்னைப் பற்றிக் கேட்டால் எனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்பேன், தெரியாததைத் தெரியாது என்பேன். அவள் அழுகிறாளே என்று உன்மேல் ஒரு பூ கூட அதிகமாக வைக்கமாட்டேன். அடுத்த மார்கழியும் கரைக்குக் கூட்டிவருவேன். அவளுடைய வலது கையைத்தான் பிடித்துக்கொண்டு வருவேன், அந்த வழவழப்பு என் கையில் பட்டுக்கொண்டே இருக்கும்படி.

உன் பாயில் பாதியைப் பிடித்துக்கொண்டவள்,
உன் மகளுக்குச் சித்தி,
தங்கச்சி மல்லிகா
சிதம்பரம்